ஜப்பான் படவிழாவில் எங்கள் சேர் செத்துப்போன கதை

ஒரு மனிதர் கல்லுப்போல உயிரோடு இருக்கும்போதே அவருக்குச் செத்த வீடு நடத்தி, வந்தவர்களுக்குக் கோப்பியும் கொடுத்தவள் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. திருகோணமலையில் என்னைத் தெரிந்த யாரிடமாவது என் பெயரைச் சொல்லிப் பாருங்கள். என் படிப்பைப் பற்றியோ வேலையைப் பற்றியோ ஒரு சொல் வராது. இந்தக் கதைதான் வரும், அதுவும் இல்லாததும் பொல்லாததும் சேர்ந்து வரும். (நான் பிரேதப் பெட்டி வரவழைத்தேன் என்பது சுத்தப் பொய்.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. உட்துறைமுக வீதியில், பழைய பண்டகசாலை ஒன்றைத் திருத்தி எடுத்த சின்னக் கலை அருங்காட்சியகத்தில் உதவியாளர். உதவியாளர் என்றால் ஓவியங்களில் தூசி தட்டுவது, யன்னல் திறப்பது, தொலைபேசி எடுப்பது, கூரைக்குள் புகுந்த காகத்தைக் கலைப்பது. அதைத் தொடங்கி நடத்தியவர் சூசைதாசன் சேர். ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர். கிளிவெட்டியிலும் நகரத்திலுமாக முப்பது வருடம் படிப்பித்தவர். கலியாணம் கட்டவில்லை. மாவட்டத்தில் பாதிப் பேருக்கு அவர்தான் தூரிகை பிடிக்கப் பழக்கியவர், ஆனால் அந்தப் பாதியில் ஒருவரும் எங்கள் வாசற்படி மிதிப்பதில்லை. கடைசியாக நாங்கள் வைத்த கண்காட்சிக்கு வந்தவர்கள் பதினொரு பேர். அதில் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கினவர்கள்.

எனக்குச் சினிமா என்றால் பைத்தியம். ஜப்பானிலிருந்து ஒரு குழு படங்களைக் கொண்டுவந்து ஊரூராகக் காட்டுகிறது என்று அறிந்ததும், சேரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி அவர்களுக்குக் கடிதம் எழுதினேன். குழுவின் தலைவி ஹருகோ அம்மையாரிடமிருந்து பதில் வந்தது. முதல் நாள் மண்டபம் பாதியாவது நிறைந்தால் எங்கள் அருங்காட்சியகத்தை வருடாந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள், நிறையாவிட்டால் வேறு ஊருக்குக் கொடுப்பார்கள். எங்களிடம் இருந்தது நூற்றிருபது கதிரைக்கான மண்டபம். நான் உடனே எழுதினேன்: "எங்கள் மக்கள் திரண்டு வருவார்கள். கதிரைதான் போதாமல் போகும்."

அனுப்பிய பிறகுதான் சேர் அதை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்.

"பிள்ளை, எந்த மக்களைச் சொல்லுறீர்?"

வீட்டில் அம்மா வேறு ஒரு கெடு வைத்திருந்தா. "இந்தப் பட விழாவும் காத்தாடிச்சுதெண்டா நீ கொழும்புக்குப் போறாய். மாமா தன்ர கந்தோரில வேலை பாத்து வைச்சிருக்கிறார். காகம் கலைச்சது காணும்." ஆகவே எனக்கு வேண்டியது அறுபது பேர். அறுபது தலை. அந்த மாதம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை, நித்திரையிலும் கதிரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சேர் சொன்னது இவ்வளவுதான்: "பெரிசா ஒண்டும் வேண்டாம். வாசலில ஒரு பதாகை கட்டினாக் காணும்."

எனக்குக் காணாது. சந்தியிலிருந்து எங்கள் வாசல் வரை வீதியின் இரண்டு பக்கமும் ஜப்பான் கொடி பறக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். வெள்ளைத் துணி, நடுவில் சிவப்பு வட்டம், இதைவிடச் சுலபமான கொடி உலகத்தில் உண்டா? எண்பது கொடி தைத்தேன். சிவப்புக்கு நிறம் பூசினால் காய நேரமெடுக்கும் என்று, பட்டம் கட்டும் சிவப்புத் தாளை வட்டமாக வெட்டி, கோதுமை மாவில் பசை காய்ச்சி ஒட்டினேன். சீனி போட்டால் பசை இறுகப் பிடிக்கும் என்று யாரோ சொன்னதால் இரண்டு கை சீனியும் போட்டேன். விழாவுக்கு முதல் நாள் பின்னேரம் கயிறு இழுத்து எல்லாவற்றையும் தொங்கவிட்டேன். நான் ஐந்தடிக்கும் குறைவு, ஏணி பிடிக்கவும் ஆளில்லை. ஆகவே கொடிகள் எல்லாம் என் தலை மட்டத்திலேயே பறந்தன. துறைமுகக் காற்றில் அவை படபடத்ததைப் பார்த்தபோது என் கண் கலங்கியது.

இந்த ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் நகரத்தில் மான்கள் வீதியில் திரியும். கோட்டைப் பக்கமிருந்து இறங்கி, கடற்கரை, பஸ் நிலையம், கடைத்தெரு என்று அவை போகாத இடமில்லை. வாழைப்பழத் தோலில் தொடங்கித் தேர்தல் சுவரொட்டி வரை எதையும் மிச்சம் வைக்காது. சுவரொட்டியில் அவை தேடுவது வேட்பாளரை அல்ல, அவருக்குப் பின்னாலிருக்கும் மாப்பசையை. இது இங்கே பிறந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நானும் இங்கேதான் பிறந்தேன்.

அன்று விடிய ஐந்து மணிக்கு, இருட்டோடு வந்து மண்டபத்துக்குள் புகுந்தவள் பிறகு வீதியை எட்டிப் பார்க்கவேயில்லை. எங்கே நேரம்? படம் தெளிவாகத் தெரிய மண்டபம் இருட்டாக வேண்டும். எல்லா யன்னலுக்கும் கறுப்புத் துணி அடித்தேன். மிஞ்சிய துணியை, வீதிக்கு முதுகைக் காட்டியபடியே, வாசலில் திரையாகக் கட்டினேன். விழாவை நடத்துபவரை அறிமுகம் செய்ய வேண்டுமே என்று, சேருடைய பெரிய படத்தைச் சட்டம் போட்டு, வாசல் மேசையில் வெள்ளை விரிப்பின் மேல் நிறுத்தினேன். பக்கத்தில் குத்துவிளக்கு. விருந்தினருக்கென்று வாங்கிய மல்லிகை மாலைகள் நசுங்கக்கூடாது என்று ஒன்றைப் படத்தின் மேல் கொழுவினேன். (வாசிக்கும் உங்களுக்கு இப்போதே விளங்கிவிட்டது. எனக்கு விளங்க இன்னும் ஆறு மணித்தியாலம் இருந்தது.)

பத்து மணியளவில் வாடகைக் கதிரைகளோடு செல்வம் அண்ணை வந்தார். ஊரில் கலியாணம், செத்த வீடு எல்லாவற்றுக்கும் கதிரையும் பந்தலும் கொடுப்பவர். வழக்கமாகக் கத்திக் கதைக்கிற மனிதர், அன்று தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில் கேட்டார்.

"பிள்ளை, நடுவில இடம் விடட்டோ?"

ஆட்கள் நடந்து போக வழி வேண்டும்தானே என்று நினைத்து, "ஓம், தாராளமா விடுங்கோ" என்றேன்.

"நல்ல மனிசன்" என்று சொல்லிப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார். சேரை எல்லாரும் நல்ல மனிதர் என்றுதான் சொல்வார்கள். ஆனபடியால் எனக்கு அதில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை.

சேர் முதல் நாளே விருந்தினரை அழைத்துவர வாடகை வான் பிடித்துக் கொழும்புக்குப் போயிருந்தார். பத்து நாளுக்கு முன்னர்தான் அவருக்குப் பித்தப்பையில் கல் எடுத்திருந்தது. "ஆறுதலா இருங்கோ சேர்" என்று எவ்வளவோ சொன்னோம், கேட்கவில்லை. அவருடைய கைபேசியில் எப்போதும் சார்ஜ் இருக்காது. இந்தச் சின்னச் சின்ன விஷயங்களெல்லாம் அன்று ஒன்றுசேர்ந்து என்னைக் கவிழ்க்கத் திட்டம் போட்டிருந்தன.

பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"பிள்ளை, எத்தினை மணிக்கு?" தழுதழுத்த குரலில் ஒருவர் கேட்டார்.

"நாலு மணிக்கு ஐயா. வெளிநாட்டு ஆக்கள் வந்த உடன தொடங்கிடும்."

"நாங்கள் கிளிவெட்டியில இருந்து பஸ் பிடிச்சு வாறம். சேரிட்டப் படிச்ச ஆக்கள், ஒரு நாப்பது பேர். இடம் இருக்குமோ?"

நாற்பது. அறுபதில் மிச்சம் இருபதுதான். "எவ்வளவு பேர் எண்டாலும் வாங்கோ. எல்லாருக்கும் கதிரை இருக்கு, கோப்பியும் இருக்கு."

"எங்களுக்கு அவர் செய்ததுக்கு இதாவது செய்யவேணும்" என்று அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வைத்தார். தடிமன் பிடித்து மூக்கு ஒழுகுதாக்கும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு தொலைபேசி ஓயவில்லை. உவர்மலையிலிருந்து, நிலாவெளியிலிருந்து, ஈச்சிலம்பற்றிலிருந்துகூட. எல்லாருக்கும் தடிமன்.

மூன்று மணிக்குச் சனம் வரத் தொடங்கியது. இருபது, நாற்பது, எழுபது. என்னால் நம்ப முடியவில்லை. அநேகமாக எல்லாரும் வெள்ளை உடுப்பு. ஜப்பான் கொடியின் நிறத்தில் உடுத்து வந்திருக்கிறார்களே, என் மக்கள் இவ்வளவு நாகரிகமானவர்களா என்று புல்லரித்தது. ஒவ்வொருவராகச் சேருடைய படத்துக்கு முன்னால் நின்று, சிலர் சிலுவை போட்டு, சிலர் கும்பிட்டு, கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். என் அம்மாவும் வந்தா, அலுமாரியின் அடியில் கிடக்கும் வெள்ளைச் சேலையில். என்னைப் பார்த்து, "எனக்கு ஒரு சொல் சொல்லேல்லை நீ" என்று பல்லைக் கடித்துவிட்டு மூன்றாவது வரிசையில் போய் இருந்தா. விழா அழைப்பிதழைக் கையில் கொடுக்காத கோபம் என்று நினைத்தேன். நூற்றிருபது கதிரையும் நிறைந்து, சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். நான் கோப்பித் தட்டோடு மண்டபத்துக்குள் பறந்து திரிந்தேன்.

மூன்றரை மணிக்கு இறக்கக்கண்டியிலிருந்து சேருடைய அக்கா றோசலின் மாமி ஆட்டோவில் வந்து இறங்கினா. இறங்கின கையோடு ஒரு குரல் வைத்தா பாருங்கள், கையிலிருந்த தட்டு ஆடிவிட்டது.

"என்ர தம்பீ... என்னை விட்டிட்டுப் போட்டியே..." என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினா. "பிரேதம் வந்திட்டுதோ பிள்ளை? வானில கொண்டு வருகினமாம் எண்டு சொல்லிச்சினம்."

"ஆற்ற பிரேதம் மாமி?"

"ஆற்றயோ? கொழும்பு ஆஸ்பத்திரியில முடிஞ்சுதாம் எண்டு ஊர் முழுக்கக் கதை. சந்தியில இருந்து வெள்ளைக் கொடி கட்டியிருக்கு. நீயே ஆற்ற எண்டு கேக்கிறியே."

நான் வீதிக்கு ஓடினேன். எண்பது கொடியிலும் ஒரு சிவப்பு வட்டம் இல்லை. பளிச்சென்ற வெள்ளை, சந்தி வரை வரிசையாக, எங்கள் ஊர் வழக்கப்படி துக்க வீட்டுக்கு வழிகாட்டிக்கொண்டு பறந்தது. கடைசிக் கொடியின் கீழே ஒரு கலைமான் நின்று நிதானமாக அசைபோட்டது. என்னை ஏற இறங்கப் பார்த்தது. அதன் வாயோரம் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது.

அங்கே நின்றபடி திரும்பிப் பார்த்தேன்: கறுப்புத் திரை, மாலை போட்ட படம், எரியும் விளக்கு. நானே பார்த்திருந்தாலும் செத்த வீடு என்றுதான் உள்ளே போயிருப்பேன். வெட்கத்தில் அப்படியே துறைமுகத்துக்குள் குதித்துவிடலாம் போல இருந்தது. உடனே போய் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் நூற்றைம்பது பேரும் எழும்பிப் போவார்கள். அரை மணித்தியாலத்தில் வான் வரும், ஹருகோ அம்மையார் வெறும் கதிரைகளைப் பார்ப்பா, விழா வேறு ஊருக்குப் போகும், நான் கொழும்புக்குப் போவேன்.

மாமியிடம் மட்டும் மறைக்க மனம் வரவில்லை. அந்த மனிசி அழுத அழுகை அப்படி. மூலைக்கு இழுத்துப்போய் எல்லாவற்றையும் கொட்டினேன், மாப்பசை, சீனி, மான் உட்பட.

மாமி அழுகையை நிறுத்தினா. மூக்கைத் துடைத்தா. "அப்ப அவன் இருக்கிறான்?"

"கல்லுப்போல இருக்கிறார் மாமி. வானில வந்துகொண்டிருக்கிறார்."

ஓங்கி ஒரு அறை விழப்போகிறது என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். மாமியோ வாசல் வழியாக மண்டபத்தைப் பார்த்தா. வரிசை வரிசையாகப் பார்த்தா. அவவுடைய முகம் மெல்ல மாறியது.

"இவ்வளவு சனமும் என்ர தம்பிக்காக வந்ததோ?"

"ஓம் மாமி."

"தனிக்கட்டை, செத்தா நாலு பேரும் வராதுகள் எண்டு அவன் ஒவ்வொரு வருசமும் நத்தார்ப் பூசை முடியச் சொல்லுவான்." மாமி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினா. "ஒருத்தருக்கும் வாய் திறவாத. அவன் வந்து தன்ர கண்ணால பாக்கட்டும். நான் போய் முன்னுக்கு இருந்து அழுறன். நீ வானைப் பார்."

சொன்னபடியே போய் இருந்து, முந்தியதைவிட நன்றாக அழுதா.

எங்கள் ஊரில் நூறு பேர் ஓரிடத்தில் சும்மா இருக்க மாட்டார்கள். ஒலிவாங்கி வேறு கண்ணுக்கு முன்னால் நின்றது. நாலு மணிக்கு, ஓய்வுபெற்ற அதிபர் கந்தப்பு மாஸ்டர் எழும்பிப் போய் அதைப் பிடித்தார். அவரும் சேரும் ஒரு காலத்தில் நகமும் சதையும். ஒரு பாடசாலைச் சித்திரப் போட்டியில் மாஸ்டரின் மாணவனுக்குச் சேர் இரண்டாம் பரிசு கொடுத்ததிலிருந்து பதினொரு வருடம் முகம் பார்க்காதவர்கள். எதிரே வந்தால் ஒருவர் வீதியின் மற்றப் பக்கத்துக்கு மாறுவார். மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து நாலு பக்கம் எழுதின தாளை எடுத்து விரித்தார்.

அந்த நேரம் பார்த்து வான் வந்து நின்றது. சேர் இறங்கினார், பின்னால் ஹருகோ அம்மையாரும் இன்னும் இரண்டு பேரும். நான் வாசற் படலையடியில் சேரை மறித்து, மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். சேர் கொடிகளைப் பார்த்தார். தன் படத்தையும் மாலையையும் பார்த்தார்.

"எத்தினை பேர்?" என்று கேட்டார்.

"நூற்றைம்பது இருக்கும் சேர்."

"ஆர் பேசுறது?"

"கந்தப்பு மாஸ்டர்."

சேர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். "பொறும். முடிக்கட்டும்."

கறுப்புத் திரைக்குப் பின்னால் நாங்கள் ஐந்து பேரும் நின்று கேட்டோம். "...பிழை என்ர பக்கம்" என்று மாஸ்டர் வாசித்துக்கொண்டிருந்தார். "அந்தப் பொடியன்ர படம் இரண்டாம் பரிசுக்குத்தான் தகும். அண்டைக்கே எனக்குத் தெரியும். பதினொரு வருசம் அந்த ரோட்டைக் கடந்து போய் சூசைதாசனிட்ட ஒரு சொல் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. அவன் இல்லாத ஊரில நான் இனி ஆரோட கோவிக்கிறது?" அதற்கு மேல் அவரால் வாசிக்க முடியவில்லை. சேர் தன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

ஹருகோ அம்மையார் மாலை போட்ட படத்தைப் பார்த்தா, பக்கத்தில் நின்ற சேரைப் பார்த்தா, திரும்பவும் படத்தைப் பார்த்தா. தங்கள் ஊரிலும் செத்தவருக்குத்தான் இப்படிப் படம் வைத்துப் பூ வைப்பது என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னா. பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று படத்துக்கு ஒருமுறை, சேருக்கு ஒருமுறை குனிந்து வணங்கினா.

சேர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

முதலில் பார்த்தது மாஸ்டர். வாய் திறந்தபடி நின்றார். பிறகு மண்டபமே எழும்பியது. கதிரைகள் விழுந்தன, யாரோ மாதாவைக் கூப்பிட்டார்கள், என் அம்மா மயங்கினதாகச் சொல்வார்கள் (அவ மறுப்பா). சேர் நேரே நடந்துபோய் மாஸ்டருக்கு முன்னால் நின்றார்.

மாஸ்டர் தாளைப் பார்த்தார், சேரைப் பார்த்தார். ஒலிவாங்கி இன்னும் வேலை செய்தது. "வாசிச்சதைத் திரும்ப எடுக்கேலாது, என்ன?" என்றார்.

"ஏலாது" என்றார் சேர். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

சனம் முணுமுணுக்கத் தொடங்கியது. "ஆர் உந்த வேலை பாத்தது?" என்று ஒரு குரல். பின்வரிசை வாசலை நோக்கி நகர்ந்தது. நான் ஒலிவாங்கியடிக்குப் போய் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், ஒருவரும் காதில் வாங்கவில்லை. ஹருகோ அம்மையார் கதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தா. அப்போது றோசலின் மாமி எழும்பிப் போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றா.

"ஒருத்தரும் போகப்படாது. என்ர தம்பி செத்தா வருவியள், உயிரோட நிண்டு படம் போட்டா வரமாட்டியளோ? இருங்கோ எல்லாரும்."

இருந்தார்கள். கிளிவெட்டிப் பஸ் ஏழு மணிக்குத்தான் என்பதும் ஒரு காரணம்.

படம் தொடங்கியது. மனைவியை இழந்த ஒரு மீன்பிடிக் கிராமத்துக் கிழவர். முதல் இருபது நிமிடம் ஒரு வசனம் கிடையாது. வேறு நாளாக இருந்தால் எங்கள் சனம் விசிலடித்திருக்கும். கிழவர் சோறு காய்ச்சுகிறார். பழக்கதோஷத்தில் இரண்டு கோப்பையில் போடுகிறார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றைத் திரும்பச் சட்டிக்குள் கொட்டுகிறார்.

அவ்வளவுதான். கிளிவெட்டி வரிசை முதலில் உடைந்தது. அழுவதற்கென்று இரண்டு மணித்தியாலம் பஸ்ஸில் வந்து, அழ ஆள் இல்லாமல் போன சனம். அந்தக் கிழவருக்காக அழுதது. கீழே ஓடின ஆங்கில எழுத்தை ஒருவரும் வாசிக்கவில்லை, கிழவர் படலை பூட்டினாலும் அழுதார்கள், செருப்புப் போட்டாலும் அழுதார்கள். மாஸ்டரும் சேரும் ஒரு கைலேஞ்சியை மாறி மாறி வாங்கினார்கள். என் பக்கத்தில் ஹருகோ அம்மையார் திரையைப் பார்க்கவேயில்லை. இருட்டில் அந்த முகங்களையே பார்த்து அவவும் அழுதா. முடிந்ததும் என் இரண்டு கையையும் பிடித்து, இந்தப் படத்தை எத்தனையோ ஊரில் காட்டியிருக்கிறேன், இப்படிப் பார்த்த சனத்தைக் கண்டதில்லை என்றா. நான் ஓம் என்று தலையாட்டினேன். கொடியைப் பற்றி மூச்சு விடவில்லை.

விழா அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் வருகிறது. நான் கொழும்புக்குப் போகவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் எனக்கு அன்றோடு மானம் போனது. நான் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான்: "நீ போய்ப் பாத்தனியோ?" மழை வருகுது என்றாலும் அதுதான், சோறு வெந்திட்டுது என்றாலும் அதுதான். என்னைக் கட்டினவர் வந்து மூன்றாம் நாளே பழகிக்கொண்டார். இப்போது என் மகளும் கேட்கிறாள்.

போன மாதம் சேர் என்னைக் கூப்பிட்டு, "இனி நீர்தான் பிள்ளை இதுக்குப் பொறுப்பு" என்று வாசற் பூட்டுகளின் திறப்புக் கோர்வையைக் கையில் தந்தார். வெளியே ஓடிவந்து அம்மாவுக்குத்தான் முதலில் அழைத்தேன்.

"அம்மா, என்னை அருங்காட்சியகத்துக்குத் தலைவராப் போட்டிருக்கினம்."

அம்மா மெதுவாக, "அப்ப சேருக்கு என்ன நடந்தது?" என்றா.

"ஒண்டும் நடக்கேல்லை அம்மா. உள்ளுக்குத்தான் இருக்கிறார். வயசு போட்டுது, ஓய்வெடுக்கப் போறாராம்."

"நீ போய்ப் பாத்தனியோ?"

கோபத்தில் தொலைபேசியை வைத்துவிட்டேன். வைத்த கையோடு உள்ளே போனேன். சேர் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கிட்டப் போய், அவருடைய சட்டைப் பொத்தான் மேலும் கீழும் அசைகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இருக்கிறன் பிள்ளை" என்றார், கண்ணைத் திறக்காமலே.